மைனஸ் 14,900 கெல்வின்: நிரல் எழுதும் நிரலைத் திருத்துவது பற்றி

ஒரு மேகத்தின் உச்சி வெப்பநிலை மைனஸ் 14,900 கெல்வின் என்று ஒரு நிரல் சொன்னால், அதைப் பார்த்துச் சிரிக்க வானிலை ஆய்வாளராக இருக்க வேண்டியதில்லை. கெல்வின் அளவில் பூஜ்யத்துக்குக் கீழே ஒன்றும் கிடையாது என்பது பள்ளிப் பாடம். ஆனால் அந்த எண் எப்படி வந்தது என்று தேடிப் போனால் சிரிப்பு நின்றுவிடும். கோப்பில் பழுது இல்லை. நிரலும் கோப்பில் எழுதியிருந்ததைத்தான் பின்பற்றியிருக்கிறது.

நாசாவின் டெர்ரா, அக்வா செயற்கைக்கோள்களில் இருக்கும் மோடிஸ் கருவியின் மேகத் தரவில், உச்சி வெப்பநிலை 16 பிட் முழு எண்ணாகச் சேமிக்கப்பட்டிருக்கிறது. கூடவே இரண்டு பண்புகள்: 'ஸ்கேல் ஃபேக்டர்' (பெருக்க வேண்டிய எண்) 0.01, 'ஆட் ஆஃப்செட்' (கூட்டவோ கழிக்கவோ வேண்டிய எண்) மைனஸ் 15,000. ஓரிடத்தில் சேமித்த எண் 10,000 என்று வைத்துக்கொள்வோம். காலநிலைத் தரவுகளில் இன்று பரவலாக இருக்கும் சிஎஃப் மரபு, முதலில் பெருக்கு, பிறகு ஆஃப்செட்டைக் கூட்டு என்கிறது. 100-உடன் மைனஸ் 15,000-ஐக் கூட்டினால் மைனஸ் 14,900. இந்தக் கோப்போ எச்டிஎஃப்4 என்ற பழைய கோப்பு வடிவத்தின் காலத்து மரபில் எழுதப்பட்டது. அங்கே முதலில் ஆஃப்செட்டைக் கழிக்க வேண்டும், பிறகு பெருக்க வேண்டும். 10,000-இலிருந்து மைனஸ் 15,000-ஐக் கழித்தால் 25,000. அதை 0.01-ஆல் பெருக்கினால் 250 கெல்வின். மேகத்துக்குப் பொருத்தமான குளிர்.

அதே மோடிஸின் நிலப்பரப்பு வெப்பநிலைக் கோப்பில் ஸ்கேல் ஃபேக்டர் 0.02. சேமித்த எண் 15,000 என்றால் 300 கெல்வின். அங்கே ஆஃப்செட் பூஜ்யம் என்பதால் இரண்டு சூத்திரங்களும் ஒரே விடையைத் தரும். இந்தக் கோப்பை மட்டும் வைத்துச் சோதித்தவர் தன் நிரல் சரி என்று நிம்மதியாகத் தூங்கலாம். தாவரக் குறியீட்டுக் கோப்பில் இன்னொரு கூத்து. அங்கே ஸ்கேல் ஃபேக்டர் 10,000 என்று எழுதியிருக்கும். அதால் பெருக்கக் கூடாது, வகுக்க வேண்டும். 6,500 என்பது 0.65. ஒரே கருவி, ஒரே பண்புப் பெயர், மூன்று கோப்புகளில் மூன்று நடத்தை. வானியலாளர்களைப் பார்த்தால் பொறாமையாக இருக்கிறது. அவர்களுடைய ஃபிட்ஸ் கோப்பு வடிவம் 1981-இல் வெளியானபோதே இந்தச் சூத்திரத்தைத் தரநிலைக்குள் எழுதி வைத்துவிட்டார்கள். அதன்பின் யாரும் அதைப் பற்றி வாதிட வேண்டியிருக்கவில்லை.

நான் பராமரிக்கும் கருவி இப்படிப்பட்ட கோப்புகளைத் திறந்து பார்த்து, அவற்றைப் படிப்பதற்கான நிரலை எழுதித் தரும். ஆய்வாளர் ஒரு கோப்பைக் கொடுக்கிறார், எந்த மாறி (வெப்பநிலை போன்ற ஓர் அளவு) வேண்டும், எந்த மொழி வேண்டும் என்று சொல்கிறார். பைதானிலோ மேட்லேபிலோ ஃபோர்ட்ரானிலோ சியிலோ ஒரு நிரல் கிடைக்கிறது. இந்த யோசனை புதியதல்ல. நெட்சிடிஎஃப் என்ற அறிவியல் தரவுக் கோப்பு வடிவத்தின் தொகுப்போடு வரும் என்சிஜென் என்ற கருவி, உரை வடிவ விவரிப்பைப் படித்து, அந்தக் கோப்பை உருவாக்கும் சி அல்லது ஃபோர்ட்ரான் நிரலை வெகுகாலமாக எழுதித் தருகிறது. அது எழுதுவதற்கான நிரலைத் தருகிறது, எங்களுடையது படிப்பதற்கான நிரலைத் தருகிறது. படிப்பது எளிது என்று தோன்றும். எழுதுகிறவருக்குத் தன் மனதில் இருப்பது தெரியும். படிக்கிறவர் எழுதியவரின் மனதை ஊகிக்க வேண்டியிருக்கிறது. சிக்கல் முழுவதும் அங்கேதான்.

இந்தக் கருவியை மேம்படுத்த வேண்டும் என்று வரும் கோரிக்கைகள் பெரும்பாலும் ஒரே மாதிரி: இன்னொரு மொழி சேர்க்க வேண்டும், இன்னொரு கோப்பு வடிவம் சேர்க்க வேண்டும், படத்தையும் வரைந்து தர வேண்டும். மூன்றும் நியாயமானவை. ஆனால் மூன்றையும் தள்ளி வைத்துவிட்டு, முடிவுகள் எங்கே எடுக்கப்படுகின்றன என்பதை முதலில் மாற்ற வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். இந்தக் கட்டுரை அந்தப் பிடிவாதத்துக்கான நியாயம்.

வார்ப்புருவுக்குள் ஒளிந்திருந்த முடிவுகள்

கருவி என் கைக்கு வந்தபோது அதன் அமைப்பு எளிமையானது. ஒவ்வொரு மொழிக்கும் ஒரு வார்ப்புரு, அதாவது ஓட்டைகள் விட்டு முன்கூட்டியே எழுதிய நிரல். கோப்பிலிருந்து பெயர்களையும் எண்களையும் எடுத்து வார்ப்புருவின் ஓட்டைகளில் செருகும். ஸ்கேல் ஃபேக்டர் இருந்தால் இந்த வரியைச் சேர், இல்லையென்றால் விட்டுவிடு என்ற நிபந்தனைகள் வார்ப்புருவுக்குள்ளேயே இருந்தன. தொடக்கத்தில் இது அழகாக வேலை செய்திருக்கும். மொழிகள் கூடக் கூட, ஒரே கேள்விக்கு ஒவ்வொரு வார்ப்புருவும் தன் போக்கில் விடை சொல்ல ஆரம்பித்துவிட்டது. மேட்லேப் வார்ப்புரு கழித்துப் பெருக்கும், பைதான் வார்ப்புரு பெருக்கிக் கூட்டும். யாராவது குறை சொன்ன மொழியில் மட்டும் திருத்தம் நடந்திருக்கும்.

இதற்கு மருந்து தெரிந்ததுதான். கம்பைலர் எழுதுகிறவர்கள் பல பத்தாண்டுகளாகச் செய்வது. மூலத்துக்கும் இலக்குக்கும் நடுவே ஓர் இடைநிலை விவரிப்பை வைப்பது. எங்கள் கருவியில் இப்போது முதல் கட்டம் கோப்பைப் படித்து, மாறி எந்த வகை எண், பரிமாணங்கள் என்ன, எந்தச் சூத்திரத்தால் அளவாக மாற்ற வேண்டும், எந்த மதிப்பு வெற்றிடம் (அளவீடு இல்லாத இடத்தைக் குறிக்கும் எண்), நேரம் எந்த நாட்காட்டியில் இருக்கிறது என்று எல்லாவற்றையும் முடிவு செய்து ஒரு விவரிப்பாக எழுதிவிடுகிறது. வார்ப்புருவுக்கு இனி யோசிக்க உரிமை இல்லை. 'கழித்துப் பெருக்கு' என்று விவரிப்பில் இருந்தால் அதைத் தன் மொழியில் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

எழுதிப் பார்த்தால் இரண்டு வாக்கியம். செய்து பார்த்தபோதுதான் எத்தனை முடிவுகள் வார்ப்புருக்களுக்குள் ஒளிந்திருந்தன என்று தெரிந்தது. சில முடிவுகள் அங்கேகூட இல்லை. மொழியின் நூலகம் (ஆயத்த நிரல்களின் தொகுப்பு) சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டிருந்தது.

இதுதான் எனக்கு அதிக வேலை வைத்த இடம். பைதானின் நெட்சிடிஎஃப்4 தொகுப்பு, நீங்கள் கேட்காமலே ஸ்கேல் ஃபேக்டரையும் ஆஃப்செட்டையும் பயன்படுத்திவிட்டு, வெற்றிட மதிப்புகளையும் மறைத்துத் தரும். எக்ஸ்அரே என்ற பைதான் தொகுப்பும் அப்படித்தான். எச்5பை என்ற இன்னொரு தொகுப்பு எதையும் தொடாமல் கோப்பில் இருப்பதை அப்படியே தரும். மேட்லேபில் இன்னும் வேடிக்கை. 'என்சி ரீட்' தானாகவே மாற்றித் தரும், 'எச்5 ரீட்' மாற்றாது. நெட்சிடிஎஃப்4 வடிவம் உள்ளுக்குள் எச்டிஎஃப்5 தான் என்பதால் ஒரே கோப்பை இரண்டாலும் திறக்கலாம், ஒரே மாறிக்கு இரண்டு விடை வாங்கலாம். நூலகம் ஏற்கெனவே மாற்றித் தந்ததை, எங்கள் உருவாக்கி (நிரல் எழுதும் இந்தக் கருவி) எழுதிய வரி இன்னொரு முறை மாற்றினால் 300 கெல்வின் 6 கெல்வின் ஆகும். அதையாவது பார்த்தவுடன் பிடித்துவிடலாம். ஸ்கேல் ஃபேக்டர் ஒன்றுக்குப் பக்கத்தில் இருக்கும் கோப்புகளில் இரட்டை மாற்றம் ஒன்றிரண்டு சதவீதப் பிழையாக ஒளிந்துகொள்ளும். அந்தப் பிழையோடு ஒரு வரைபடம் அச்சேறினாலும் யாருக்கும் தெரியாது.

இன்னொரு படி மேலே போனால், நெட்சிடிஎஃப் நூலகத்தை எச்டிஎஃப்4 ஆதரவோடு நிறுவியிருக்கும் கணினியில், பைதான் தொகுப்பு அந்த மேகக் கோப்பையும் திறந்துவிடும். பண்புகளின் பெயரைப் பார்த்து சிஎஃப் சூத்திரத்தைத் தானாகவே போட்டுவிடும். உருவாக்கி ஒரு வரிகூட எழுதாமலே மைனஸ் 14,900 கிடைத்துவிடுகிறது. ஆகவே இப்போது எங்கள் விதி ஒன்றே: உருவாகும் நிரல் தானியங்கி மாற்றத்தை வெளிப்படையாக அணைக்க வேண்டும், பிறகு சூத்திரத்தை ஒரு வரியாகக் கண்ணுக்குத் தெரியும்படி எழுத வேண்டும். நூலகம் இலவசமாகச் செய்வதை ஏன் கையால் செய்கிறீர்கள் என்று கேட்டவர்கள் உண்டு. கண்ணுக்குத் தெரியும் வரியை ஆய்வாளர் திருத்த முடியும். தெரியாத வரியைத் திருத்த முடியாது.

வெற்றிட மதிப்பும் இதே அளவுக்கு வேலை வாங்கியது. ஆரா செயற்கைக்கோளின் ஓஎம்ஐ கருவித் தரவில் வெற்றிடத்தைக் குறிக்கும் எண் மைனஸ் 2¹⁰⁰. தசமத்தில் எழுதினால் ஏறத்தாழ மைனஸ் 1.2676506 × 10³⁰. இரண்டின் அடுக்கு என்பதால் 32 பிட் மிதவை எண்ணில் (தசமப் புள்ளியுள்ள எண்களைக் கணினி வைக்கும் வடிவம்) துளியும் பிசகாமல் உட்காரும். அழகான தேர்வு. ஆனால் பழைய உருவாக்கி மீதரவை (தரவைப் பற்றிய விவரங்களை) ஓர் அச்சு வெளியீட்டிலிருந்து படித்தது. அந்த அச்சு 32 பிட் எண்களுக்கு ஏழு இலக்கம் மட்டுமே காட்டும்: மைனஸ் 1.267651 × 10³⁰. இந்த உரையைத் திரும்ப எண்ணாக்கினால் மைனஸ் 2¹⁰⁰ வராது, பக்கத்தில் உள்ள வேறொரு மிதவை எண் வரும். 'இந்த மதிப்புக்குச் சமமானால் நீக்கு' என்ற வரி நிரலில் இருக்கும், பிழையில்லாமல் ஓடும், ஒன்றைக்கூட நீக்காது. பிறகு சராசரி எடுத்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

நெட்சிடிஎஃப்பின் இயல்பான வெற்றிட மதிப்பு இன்னும் நயவஞ்சகமானது. 9.96921 × 10³⁶ என்று ஆவணங்களில் பார்த்திருப்பீர்கள். அதை 32 பிட்டில் படித்தால் சரியான எண்ணுக்கே வந்து சேரும். 64 பிட்டில் படித்து ஒப்பிட்டால் சமம் இல்லை என்றாகிவிடும். ஆக, அதே எண் சியில் 32 பிட் எண்ணாக எழுதினால் வேலை செய்யும், மேட்லேபில் எல்லாவற்றையும் 64 பிட் டபுளாக மாற்றிய பிறகு ஒப்பிட்டால் வேலை செய்யாது. இப்போது விவரிப்பில் எண்ணை உரையாக வைப்பதில்லை. அதன் பிட்டுகளை வைக்கிறோம். வார்ப்புரு எழுதும்போது 32 பிட்டுக்கு 9 இலக்கம், 64 பிட்டுக்கு 17 இலக்கம். அந்த அளவு இருந்தால் போன எண் அப்படியே திரும்பி வரும்.

பெயர்களைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. மோடிஸ் தாவரக் குறியீட்டின் மாறிப் பெயரே '1 கிமீ 16 டேஸ் என்டிவிஐ' என்ற வகையில் எண்ணில் தொடங்கி நடுவில் இடைவெளிகளோடு இருக்கும். எந்த மொழியும் அதை அடையாளப் பெயராக ஏற்காது. அலைநீளத்துக்கு லாம்ப்டா என்று பெயர் வைத்த கோப்பு பைதானின் ஒதுக்கப்பட்ட சொல்லோடு மோதும். பெரிய டி, சின்ன டி என்று இரண்டு மாறிகள் இருந்தால் ஃபோர்ட்ரானுக்கு இரண்டும் ஒன்று. கோப்பில் உள்ள பெயர் சரமாக மட்டும் இருக்கட்டும், நிரலுக்குள் வேறு பெயர் இருக்கட்டும் என்று பிரித்துவிட்டால் தீர்ந்தது.

தெரியாததைத் தெரியாது என்று சொல்வது

இடைநிலை விவரிப்பு வந்தபின் ஒரு சங்கடமான உண்மை வெளியே வந்தது. பல கேள்விகளுக்குக் கோப்பில் விடையே இல்லை. மேகக் கோப்பு கழித்துப் பெருக்கச் சொல்கிறது என்பது கோப்புக்குள் எங்கும் எழுதப்படவில்லை. தயாரிப்பு ஆவணத்தைப் படித்தவருக்குத் தெரியும். பழைய உருவாக்கி இப்படிப்பட்ட இடங்களில் ஊகித்தது. ஊகம் சரியாக இருந்த நாட்களில் அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

இப்போது விவரிப்பில் ஒவ்வொரு முடிவோடும் அதன் ஆதாரம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கோப்பே சொல்கிறது என்பது ஒன்று. இந்தத் தயாரிப்பின் ஆவணம் சொல்கிறது என்பது இன்னொன்று. அதற்காகத் தயாரிப்பு வாரியாக ஒரு சின்ன அட்டவணையைக் கையால் பராமரிக்கிறோம். இரண்டும் இல்லையென்றால் தெரியாது. தெரியாத இடத்தில் உருவாகும் நிரல் நின்றுவிடும். 'இந்த மாறியின் ஆஃப்செட் எந்த மரபில் உள்ளது என்று கோப்பில் இல்லை, தயாரிப்பு ஆவணத்தைப் பார்த்துக் கீழே உள்ள இரண்டு வரிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்' என்று ஒரு பிழைச் செய்தி வரும். இரண்டு வரிகளும் அங்கேயே இருக்கும். ஆஃப்செட் பூஜ்யமாக இருந்தால் இந்தக் கேள்வியே எழாது. தேவையில்லாமல் நச்சரிக்கும் கருவியை யாரும் வைத்துக்கொள்ள மாட்டார்கள்.

இந்த மாற்றத்துக்குத்தான் அதிக எதிர்ப்பு வந்தது. முன்பெல்லாம் ஓடிக்கொண்டிருந்த நிரல் இப்போது ஓடவில்லை என்று வருத்தப்பட்டார்கள். அவர்கள் சொன்னது உண்மை. முன்பு ஓடியது. நான் மசியவில்லை. ஒரு கருவியின் தரத்தை அது எத்தனை கோப்புகளுக்கு நிரல் எழுதுகிறது என்று அளப்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. எழுத மறுக்க வேண்டிய இடத்தில் மறுக்கிறதா என்று பார்ப்பேன்.

செயற்கை நுண்ணறிவு மொழி மாதிரிகளிடம் கேட்டாலே நிரல் வந்துவிடுகிறதே, இதற்கு எதற்குத் தனிக் கருவி என்ற கேள்வியும் இப்போது அடிக்கடி வருகிறது. நல்ல கேள்வி. பண்பின் பெயரை மட்டும் பார்க்கிற எவரும், மனிதரோ இயந்திரமோ, வழக்கமான சூத்திரத்தைத்தான் எழுதுவார்கள். எங்கள் விவரிப்பைக் கொடுத்து எழுதச் சொன்னால் கதை வேறு. வார்ப்புருவின் இடத்தை வேறொன்று பிடிக்கலாம், அதில் எனக்கு வருத்தமில்லை. விவரிப்பின் இடம் அப்படியே இருக்கும்.

அடுத்து, உருவாகும் நிரலின் உருவம். பழையது ஒரு மாறியைப் படிக்கச் சில நூறு வரிகள் எழுதும். எல்லா வாய்ப்புகளுக்கும் செயற்கூறுகள், எந்தக் கோப்பு வந்தாலும் சமாளிக்கும் கிளைகள். ஆனால் கோப்பு கையில் இருக்கும்போதுதானே உருவாக்கி ஓடுகிறது! வகை தெரியும், பரிமாணம் தெரியும், சூத்திரம் தெரியும். கிளைகள் எல்லாம் உருவாக்கியின் வயிற்றுக்குள் முடிந்துவிட வேண்டும். வெளியே வருவது மேலிருந்து கீழே நேராகப் படிக்கிற நிரலாக இருக்க வேண்டும். ஒரு துணை நூலகத்தைத் தனியாகக் கொடுத்து நிரலை இன்னும் சுருக்கலாமே என்று ஒரு கட்சி உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. இந்த நிரல்கள் ஆய்வுக் கட்டுரையின் இணைப்பாகப் போய்ச் சேர்கின்றன, பல ஆண்டுகள் கழித்து யாரோ திறக்கிறார்கள். அப்போது எங்கள் துணை நூலகம் இருக்குமா என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. தலைப்பில் உருவான தேதியை எழுதும் பழக்கத்தையும் எடுத்துவிட்டோம். ஒரே கோப்புக்கு இரண்டு முறை ஓட்டினால் ஓர் எழுத்தும் மாறாமல் அதே நிரல் வர வேண்டும். அப்போதுதான் உருவாக்கியில் செய்த மாற்றம் எந்த நிரலை எப்படி மாற்றியது என்று ஒப்பிட்டுப் பார்க்க முடியும்.

சதுரம் ஏமாற்றும்

சோதனைகளில் பழைய வழி, உருவான நிரலை முன்பு உருவான நிரலோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுவது. இது மாறியிருக்கிறதா என்று மட்டும் சொல்லும். சரியா என்று சொல்லாது. இப்போது நிரலை உண்மையிலேயே ஓட்டுகிறோம், எல்லா மொழியிலும்.

சோதனைக்கு உண்மையான செயற்கைக்கோள் கோப்புகளை நம்புவது வீண். பெரியவை என்பதோடு, சரியான விடை என்ன என்று யாருக்கும் தெரியாது. அதனால் உரை விவரிப்பிலிருந்து என்சிஜென் கொண்டு சின்னஞ்சிறு கோப்புகளை உருவாக்குகிறோம். நேரம் 2, அட்சம் 3, தீர்க்கம் 4. ஒவ்வோர் இடத்திலும் அந்த இடத்தின் முகவரியே மதிப்பு: நேரத்தின் எண்ணை நூறால் பெருக்கி, அட்சத்தின் எண்ணைப் பத்தால் பெருக்கி, தீர்க்கத்தின் எண்ணோடு கூட்டியது. 123 என்று வந்தால் நேரம் 1, அட்சம் 2, தீர்க்கம் 3-இல் இருந்து வந்தது என்று படித்துவிடலாம். எங்கேயாவது அணி (எண்களின் அட்டவணை) திரும்பிப் போயிருந்தால் ஒரே பார்வையில் தெரியும்.

ஏன் இது இவ்வளவு முக்கியம் என்றால், சி மரபில் கடைசிப் பரிமாணம் வேகமாக மாறும், ஃபோர்ட்ரான் மரபில் முதல் பரிமாணம் வேகமாக மாறும். பைதானில் நேரம், அட்சம், தீர்க்கம் என்று வரும் அதே மாறி மேட்லேபில் தீர்க்கம், அட்சம், நேரம் என்று வரும். எண்ணிக்கை வேறு அங்கே பூஜ்யத்திலிருந்து, இங்கே ஒன்றிலிருந்து. பரிமாணங்களின் நீளம் வெவ்வேறாக இருந்தால் குழப்பம் பிழையாக வெடிக்கும். மோடிஸின் 1 கிலோமீட்டர் தரவில் ஓர் ஓடு (உலகப் படத்தை வெட்டிய ஒரு பகுதி) 1200-க்கு 1200, அப்பட்டமான சதுரம். அதைத் திருப்பிப் போட்டாலும் எந்த நிரலும் குறை சொல்லாது. வடக்கு மேற்காகும், வரைபடம் பளிச்சென்று வரும். எனவே எங்கள் சோதனைக் கோப்புகளில் எந்த இரண்டு நீளமும் சமமாக இருக்கக் கூடாது என்பது எழுதப்பட்ட விதி.

இதே ஓடுகளில் அரைக் கட்டப் பிழையும் ஒன்று உண்டு. மீதரவில் இருப்பது ஓட்டின் மூலைகள். பலருக்கு வேண்டியது ஒவ்வொரு கட்டத்தின் மையம். 1 கிலோமீட்டர் என்று அழைக்கப்படும் கட்டத்தின் உண்மையான பக்கம் 926.6 மீட்டர் என்பதால், மூலையை மையம் என்று எடுத்துக்கொண்டால் ஒவ்வொரு திசையிலும் ஏறத்தாழ 463 மீட்டர் தள்ளிப்போகும். உலக வரைபடத்தில் தெரியாது. வயலோடு ஒப்பிட்டால் பக்கத்து வயலின் வெப்பநிலையைப் படித்துக்கொண்டிருப்பீர்கள்.

நேரமும் அப்படித்தான் நழுவும். நாசாவின் பல கோப்புகளில் நேரம் 1993 ஜனவரி 1 முதல் கடந்த வினாடிகளாக இருக்கிறது. இந்த வினாடிகளில் லீப் வினாடிகளும் (பூமியின் சுழற்சியோடு ஒத்துப்போக அவ்வப்போது கடிகாரத்தில் சேர்க்கும் வினாடிகள்) அடக்கம். 1993 தொடக்கத்துக்கும் 2016 முடிவுக்கும் இடையே சேர்க்கப்பட்டவை 10. சாதாரண நேரக் கணக்கில் அப்படியே போட்டால் இன்றைய தரவு 10 வினாடி முன்னே நிற்கும். அந்த 10 வினாடியில் செயற்கைக்கோள் தரைமேல் 60 கிலோமீட்டருக்கு மேல் கடந்திருக்கும். வேறொரு கருவியின் அளவீட்டோடு நேரத்தை வைத்துப் பொருத்துகிறவருக்கு இது போதும், பொருத்தம் தவற. காலநிலை மாதிரிகளின் வெளியீட்டில் 360 நாள் நாட்காட்டியும் உண்டு. அதில் பிப்ரவரி 30 முறையான தேதி. பைதானின் சாதாரணத் தேதி வகை அதைக் கண்டால் திணறும். விவரிப்பில் நாட்காட்டி என்று ஒரு கட்டாய இடம் இருப்பது இதற்காக.

எந்த வரிசையில் படிப்பது

இதுவரை சொன்னது எல்லாம் சரியான விடை பற்றி. சரியான விடை சாயங்காலம்தான் வரும் என்றால் அதுவும் சங்கடம்தான்.

ஈஆர்ஏ5 மறுபகுப்பாய்வுத் தரவின் (பழைய அளவீடுகளையும் வானிலை மாதிரியையும் இணைத்து உருவாக்கியது) கட்டம் 1440-க்கு 721, மணிக்கு ஒரு படம். ஒரு மாறி, ஓர் ஆண்டு, 32 பிட் என்றால் ஏறத்தாழ 36 ஜிபி. பழைய உருவாக்கி எழுதும் முதல் வரியே மாறி முழுவதையும் நினைவகத்துக்கு இழுக்கும் வரி. சிறிய கோப்பில் தெரியாது, பெரிய கோப்பில் கணினி மூச்சடைத்து நிற்கும். பகுதி பகுதியாகப் படி என்று சொல்லிவிடலாம். எந்தப் பகுதி என்பதுதான் கேள்வி.

எச்டிஎஃப்5-இல் அணி துண்டுகளாக வெட்டப்பட்டு, ஒவ்வொரு துண்டும் தனித்தனியாகச் சுருக்கப்பட்டிருக்கும். ஒரு துண்டில் ஓர் எண் வேண்டுமென்றாலும் முழுத் துண்டையும் விரிக்க வேண்டும். துண்டு ஒரு மணி நேரத்தின் முழு உலகப் படம் என்றால், ஓரிடத்தின் ஆண்டுத் தொடருக்கு 8,760 துண்டுகளை விரித்தாக வேண்டும். தவிர்க்க வழியில்லை. பத்து இடங்களுக்குத் தொடர் வேண்டும் என்று, இடத்துக்கு ஒரு சுழலாக எழுதினால் அதே 8,760-ஐப் பத்து முறை விரிக்கிறோம். துண்டுகளை வைத்துக்கொள்ளும் தற்காலிக நினைவகம் எச்டிஎஃப்5 நூலகத்தில் நீண்ட காலமாக 1 எம்பி என்ற இயல்பளவில் இருந்துவந்தது. நம் துண்டோ 4 எம்பிக்கு மேல். கொள்ளாத துண்டை நூலகம் வைத்துக்கொள்ளாது, அடுத்த முறை மறுபடியும் வட்டிலிருந்துதான்.

துண்டின் அளவு கோப்பிலேயே இருக்கிறது. கேட்டால் சொல்லும். பழைய கருவி கேட்டதே இல்லை. இப்போது விவரிப்பில் துண்டின் வடிவமும் போகிறது. வெளிச் சுழல் துண்டுகளின் மேல் ஓட வேண்டும், உள்ளே வந்த துண்டிலிருந்து வேண்டிய இடங்கள் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பொறுக்கிக்கொள்ள வேண்டும் என்று வார்ப்புரு எழுதுகிறது. நிரலின் நீளம் மூன்று நான்கு வரி கூடுகிறது. அந்த வரிகளுக்கு மேலே, துண்டு இந்த வடிவத்தில் இருப்பதால் சுழல் இந்த வரிசையில் என்று ஒரு குறிப்பும் எழுதுகிறோம். அது இல்லாவிட்டால் யாராவது அழகுபடுத்துகிறேன் என்று சுழல்களை இடம் மாற்றிவிடுவார்கள்.

இவ்வளவும் முடிந்த பிறகு, தள்ளி வைத்திருந்த கோரிக்கைப் பட்டியலை எடுத்தேன். முதலில் இருந்தது ஜூலியா மொழி. முன்பு ஒரு மொழி சேர்ப்பது என்றால் எல்லா முடிவுகளையும் மறுபடி எடுப்பது. இம்முறை வார்ப்புரு சில பக்கங்களில் முடிந்தது. ஜூலியாவும் மேட்லேபைப் போல முதல் பரிமாணத்தை வேகமாக மாற்றும், ஒன்றிலிருந்து எண்ணும். அதன் என்சிடேட்டாசெட்ஸ் தொகுப்பு பைதானைப் போலத் தானாகவே அளவை மாற்றும், ஆனால் கோப்பில் உள்ளதை அப்படியே படிக்கவும் ஒரு வழி வைத்திருக்கிறது. வார்ப்புரு அந்த வழியைத்தான் பயன்படுத்துகிறது. கழித்துப் பெருக்கும் கோப்பைக் கொடுத்தோம். 250 கெல்வின் வந்தது. படம் வரைந்து தர வேண்டும் என்ற கோரிக்கை மட்டும் இன்னும் பட்டியலில் இருக்கிறது. அதை இருக்கட்டும் என்று விட்டிருக்கிறேன். நிறங்களைத் தேர்ந்தெடுக்கும் சண்டையில் இறங்க எனக்குத் தெம்பில்லை.